மன்னிப்பு வகுப்பு

கணவன் முறுக்கி உடைத்த மணிக்கட்டுக்குத் திரும்பவும் வலு வேண்டும் என்றுதான் பொற்கொடி தெருமுனை ஜிம்மில் சேர்ந்தாள். அவனைப் பிரிந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று அங்கே புதிதாகத் தியான வகுப்பு. தாமதமாகப் போனவள், ஏற்கெனவே கண்மூடி அமர்ந்திருந்தவர்களுக்குப் பின்னால் பாயை விரித்து உட்கார்ந்தாள். “உங்களை நோகடிச்ச ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அவங்களை மன்னிச்சிடுங்க. கண்ணைத் திறக்காம, யாரை மன்னிச்சீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க,” என்றார் பயிற்சியாளர். மாமியாரை, மேலாளரை என்று ஒவ்வொரு குரலாக வந்தது. முதல் வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல், “என் பொண்டாட்டிய மன்னிச்சிட்டேன் சார்,” என்று தழுதழுத்தது. பொற்கொடி எட்டிப் பார்த்தாள். அவள் கணவனேதான். “பெரிய மனசு சார் உங்களுக்கு,” என்றார் பயிற்சியாளர். யாரோ கைதட்டினார்கள். பொற்கொடி எழுந்தாள். பாய்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து போய் அவன் முன்னால் நின்றாள். “உட்காருங்க மேடம்,” என்றார் பயிற்சியாளர். “என்ன செஞ்சதுக்காக மன்னிச்சாராம்? அதையும் சொல்லச் சொல்லுங்க,” என்றாள். அறையிலிருந்த எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவன் மட்டும் இமைகளை இறுக்கிக்கொண்டு, மூச்சை இன்னும் ஆழமாக இழுத்துவிட்டான்.