பூண்டு வால்

“அவங்க வர்றதுக்குள்ள அது இந்த வீட்டை விட்டுப் போயாகணும்!”

கிட்டுசாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு உத்தரவிட்டார். அமெரிக்காவின் வெஸ்ட் வின்ட்சரில் அவர் வேட்டி கட்டினால் ஒன்று பொங்கலாக இருக்கும், அல்லது குடும்ப மானம் சம்பந்தப்பட்ட காரியமாக இருக்கும். அன்று மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“டாட், இட்ஸ் ஜஸ்ட் எ பேபி,” என்றாள் ரோஷினி. அவள் உள்ளங்கையில் ஒரு பல்லிக்குட்டி கண்ணை மூடிக் கிடந்தது.

பொள்ளாச்சியில் பல்லி தானாகச் சுவரில் குடியிருக்கும். அதற்கு யாரும் சோறு போட்டதில்லை. அமெரிக்காவில் அதற்குக் கண்ணாடித் தொட்டி, குளிர்காய விளக்கு, கடையில் வாங்கிய உயிர்ப்பூச்சி. அதிலும் இது முழுப் பல்லிகூட இல்லை. வரும்போதே வால் அறுந்து வந்தது. இப்போது அந்த இடத்தில் பூண்டுப் பல் மாதிரி ஒன்று குட்டையாக முளைத்திருந்தது. ‘ஃப்ரெண்ட் ஒருத்தர் வீட்ல வச்சுக்க விடலையாம், பாவம்’ என்று ரோஷினி கொண்டுவந்து சேர்த்த அநாதை அது.

அதைப் பழக்குவது இன்னொரு கூத்து. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் தொட்டிக்குள் கையை விரித்து வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பெற்ற தகப்பன் பக்கத்தில் அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

“மேல இருந்து தூக்கினா பயந்துடும், டாட். கையோட ஸ்மெல் பழகிட்டா அதுவே ஏறும். ஸ்ட்ரேஞ்சர்ஸ்கிட்ட போகவே போகாது.”

“அந்தப் புத்தி உனக்கும் இருந்தாச் சரி கண்ணு. நம்ம குடும்பத்துல பொண்ணும் பையனும் மொதமொதல்ல பார்த்துக்கறதே பெரியவங்க முன்னாலதான்.”

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சன்னிவேல் ஊரிலிருந்து வந்த வரன் ஒன்று இப்படித்தான் கைவிட்டுப் போனது. அந்தப் பையன், பெண் பார்க்க வருமுன்பே ரோஷினிக்கு ஓர் ஈமெயில் அனுப்பிவிட்டான். அதில் ‘ஹாய்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு பரம்பரை கவிழ ஒரு ‘ஹாய்’ போதாதா?

கடைசியில் மனைவி வசந்தாமணி கெஞ்சியதால், செருப்பும் கோட்டும் வைக்கும் அலமாரிக்குள் தொட்டியைத் தள்ளிக் கதவைச் சாத்தினார் கிட்டுசாமி.

எடிசனிலிருந்து மயில்சாமியும் அவர் மனைவி தனபாக்கியமும் மகன் தீபக்கோடு வந்து இறங்கினார்கள். தீபக் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ரோஷினி காபித் தட்டோடு வந்தபோதும், அப்பா முழங்கையால் இடித்த பிறகுதான் நிமிர்ந்தான். கிட்டுசாமிக்குப் புல்லரித்தது. அமெரிக்காவில் இப்படியும் ஒரு பிள்ளை!

“எம் பையன் பொண்ணுங்க மொகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டானுங்க,” என்றார் மயில்சாமி.

“அதுதானுங்க எனக்கு வேணும். முன்னாடியே ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூட காபியோட அனுப்பி வச்சிருப்பேனுங்க.”

“எங்க வீட்ல எல்லாம் கண்டிசன்தானுங்க. நாய், பூனைன்னு எதையும் அண்ட விடறதில்லீங்க,” என்றார் தனபாக்கியம்.

“நாங்களும் அப்படித்தானுங்க!” கிட்டுசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது வசந்தாமணி வீல் என்று அலறினார். கதவைச் சாத்திய கிட்டுசாமி தொட்டியை மூடவில்லை போலிருக்கிறது. கதவடி இடுக்கு வழியே வெளியே வந்து, நடுக் கூடத்துக் கார்பெட்டில் பல்லி நின்றுகொண்டிருந்தது.

கிட்டுசாமி பாய்ந்து மேலிருந்து கையைப் போட்டார். அது வாயைப் பிளந்து கீச்சென்று கத்தியது. மயில்சாமி சோபாவின் மேல் ஏறிவிட்டார்.

தீபக்கும் கால்களைத் தூக்கிக்கொண்டான். “எனக்குப் பல்லின்னாலே அலர்ஜி, அங்கிள்!”

பல்லிக்கு அது தெரியவில்லை. நேராக அவனிடம் ஓடியது. சோபாவில் தாவி, பேண்ட்டைப் பற்றி முழங்காலுக்கு ஏறி, அவன் உள்ளங்கையை ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு அதிலேயே சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது.

ரோஷினி காலிக் காபித் தட்டை ஆராயத் தொடங்கினாள்.

“பார்த்தீங்களா! வாயில்லா ஜீவனுக்குக்கூட ஒழுக்கமான பையன் யாருன்னு தெரியுது!” கிட்டுசாமி பூரித்துப்போனார். “சம்பந்தி, இன்னிக்கே தட்டை மாத்திக்கலாமுங்களா?”

தனபாக்கியம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகன் கையிலிருந்த அந்தப் பூண்டு வாலையே உற்றுப் பார்த்தார்.

“டேய் தீபக், இது நான் வெளக்குமாத்துல அடிச்சு வாலறுந்த நம்ம வீட்டுப் பல்லியாச்சேடா!”