கனகலிங்கத்தாரின் கட்டில்

கீழ்வீட்டுக் கனகலிங்கத்தாருக்கும் மேல்மாடி இராசமலருக்கும் நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. மேலே குழாய் ஒழுகியதும் கனகலிங்கத்தார் நேரே பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போய்விட்டார். சாட்சி சொல்லும் சாட்டில் அயலட்டைச் சனமும் போய்ப் பின்வரிசை வாங்கில் குந்தியிருந்தது.

"உவ குளிக்கிற தண்ணி முழுக்க என்ரை கட்டிலிலை, ஐயா. மூண்டு நாளாய்க் கதிரையிலைதான் நித்திரை."

"வீடு என்ரை பேரிலை. விருப்பமில்லாட்டி உவர் வீட்டை விட்டு எழும்பட்டும்," என்றார் இராசமலர்.

வெளியூர்க்காரரான சபைத் தலைவர் கேட்டார்: "படியேறிப் போய்ச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"நானோ? முதல்லை அவ கதைக்கட்டும்."

"சரி அம்மா, குழாய் திருத்தும் மட்டும் இவர் படுக்க இடம் குடுப்பீங்களோ?"

"மேலை ஒரு அறைதான் இருக்கு. என்ரை அறை. வரட்டும்."

தலைவர் பேனையைக் கீழே வைத்தார். "வாடகைக்கு இருக்கிற ஆம்பிளையை அறைக்குள்ளை விட்டால் ஊர் என்ன கதைக்கும், அம்மா?"

பின்வரிசை சிரித்தது.

"ஆர் வாடகைக்கு? அது என்ரை சீதன வீடு. உவர் எனக்குத் தாலி கட்டின மனுசன்!"

கனகலிங்கத்தார் முந்திக்கொண்டு இணக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"பிளம்பர் அவசரமில்லாமல் ஆறுதலாய் வரலாந்தானே, ஐயா?"