பின்னறை அடுப்பு

"சும்மா கொடுக்கிறதை ஒருத்தன் வேண்டாங்கிறான்னா, ஒண்ணு அவன் மண்டைக்கனம் பிடிச்சவன், இல்லேன்னா..."

நகராட்சியில் தன் பழைய மேலதிகாரி ஓய்வுபெற்ற அன்று பேசிய பேச்சில் ரோமானுக்கு இவ்வளவுதான் நினைவிருந்தது. மீதியை அவர் சொன்ன நேரம் யாரோ கேக்கை நீட்ட, காதில் விழவில்லை.

அந்த முதல் பாதியே போதும் என்றுதான் அலோய்ஸ் வீட்டு வாசலில் நின்றபோது அவனுக்குத் தோன்றியது.

போலந்தின் கரிச்சுரங்க ஊர்களில் அதுவும் ஒன்று. குளிர்காலப் புகை தாங்காமல், வீட்டைச் சூடாக்கும் கரி அடுப்புகளை எடுத்துவிட்டு வருமானம் குறைந்த வீடுகளுக்கு நகராட்சியே ஹீட் பம்ப் வைத்துக் கொடுத்தது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் பெட்டி. கையிலிருந்து ஒரு காசு போட வேண்டாம். யாருக்கு எப்போது என்று முடிவெடுப்பது ரோமானின் வேலை. ஊரே வரிசையில் நிற்க, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அலோய்ஸ் மட்டும் முடியாது என்றார். இந்த வாரம் சம்மதிக்காவிட்டால் அவர் முறை போய்விடும். புத்தாண்டு பிறந்தால் அடுப்பு எரிப்பதற்கு அபராதம் வேறு.

"இத்தனை வருஷம் ஜெர்மனியில இருந்துட்டு வந்து எனக்கு வீட்டைச் சூடாக்கக் கத்துக்கொடுக்கறியா, ரோமான்? உங்கப்பன் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

ரோமானின் அப்பாவும் அவரும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அதனால் பொறுமையாகப் பேசிப் பார்த்தான். ஓய்ந்த தொழிலாளிக்கென்று சுரங்கத்திலிருந்து வருஷா வருஷம் இலவசக் கரி வந்து இறங்குகிறதே, அது தீரட்டும், பார்க்கலாம் என்றார் அலோய்ஸ். அது உங்கள் ஆயுசு வரைக்கும் வருமே என்றான் இவன். அப்படியானால் ஆயுசு தீரட்டும் என்றார்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மனிதர் முன்னறையில் கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். ஆளே இல்லாத பின்னறையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

"யாருக்காக மாமா இப்படி எரிச்சுத் தள்றீங்க?"

"என் கரி, என் அடுப்பு. உனக்கு எங்கே சுடுது?"

அதே கட்டடத்தின் மறுபாதியில் சபீனா குடியிருந்தாள். கைக்குழந்தைக்காரி. கணவன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அலோய்ஸின் புகையைப் பற்றி நகராட்சிக்குப் புகார் எழுதியவளே அவள்தான். ரோமான் அடுத்து அங்கே போனான்.

கொடியில் போடும் குழந்தைத் துணியிலெல்லாம் கரி படிகிறது என்று ஆரம்பித்தாள். போன வருஷம் தானும் பம்ப் கேட்டதாகவும், வருமானம் கொஞ்சம் கூடுதல் என்று இல்லை என்றுவிட்டதாகவும் சொன்னாள். அவளுடைய மின்சார ஹீட்டர் அணைந்து கிடந்தது.

"திரும்பக் கேட்டுப் பார்க்கலாமே?"

"ஒருதடவை இல்லைன்னு சொன்ன இடத்துல மறுபடி கையேந்த மாட்டேன், சார்."

குளிரவில்லையா என்று கேட்டான். கரன்ட் பில்லைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல கட்டுமானம், பின்னறை எப்போதும் கதகதப்பாகத்தான் இருக்கும், குழந்தையை அங்கேதான் படுக்க வைக்கிறேன் என்றாள்.

"அந்தக் கிழத்தை மாதிரி ஊரெல்லாம் புகை விட்டுத்தான் வாழணும்னு எனக்கு ஒண்ணும் இல்லை, சார்."

குழந்தையைக் காட்டக் கூட்டிப் போனாள். தொட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. குனிந்து பார்த்தவன் பிடிமானத்துக்குச் சுவரில் கை வைத்தான். சுவர் வெதுவெதுவென்று இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அலோய்ஸின் பின்னறை.

ரோமான் திரும்பி வந்து பெரியவர் எதிரில் உட்கார்ந்தான். அலோய்ஸ் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை, மாமா."

"சொல்லிடாதே. ரோஷக்காரி. தெரிஞ்சா தொட்டிலை இழுத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோயிடுவா." குரலைத் தணித்துக்கொண்டார். "பம்ப் வந்தா என் வீடு சூடாகும், சரி. அடுப்பை இடிச்சதும் அந்தச் சுவர் ஜில்லுனு போயிடும். ஜனவரிக் குளிர் அந்தப் பொடிசு தாங்குமா?"

போன வருஷம் சபீனா பம்ப் கேட்டபோது குழந்தை பிறந்திருந்ததா என்று ரோமான் விசாரித்தான். குழந்தை பிறக்கும் முன்பு என்றார் அலோய்ஸ்.

ரோமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு வருமானத்தை ஆள் கணக்கில் வகுத்துப் பார்ப்பதுதான் நகராட்சியின் வழக்கம்.

"அப்போ அந்த வீட்டுல ரெண்டு பேர். இப்போ மூணாவதா ஒரு ஆள் தொட்டில்ல தூங்குது, மாமா. அதையும் சேர்த்து வகுத்தா கண்டிப்பா கிடைக்கும்."

"அதையும் ஒரு ஆளா எடுத்துப்பாங்களா?"

"முழு ஆளாத்தான் எடுத்துப்பாங்க."

அலோய்ஸ் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். அப்படியானால் தனக்கும் ஒன்று போட்டுவிடச் சொன்னார். ஆனால் இவள் மறுபடி வந்து கேட்க மாட்டாளே என்று உடனே அடுத்த கவலைக்குத் தாவினார்.

"அவ ஏன் கேட்கணும்? புகார் கொடுத்திருக்காளே. அதுக்கு நாங்கதான் பதில் சொல்லணும்."

மறுநாள் அந்தப் புகாரின் மேல் ரோமான் தன் முடிவை எழுதினான்: முதல் பம்ப், புகார் கொடுத்தவர் வீட்டுக்கு; அது ஓடத் தொடங்கும்வரை பக்கத்து வீட்டு அடுப்பு அபராதமில்லாமல் எரியலாம்.