படியில் விழாதவன்

“படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. வேற எதுவும் பேச வேண்டாம்.”

பல்கலைக்கழகக் காவல் படையின் தலைவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் பேசினார். கட்டிலில் கிடந்த இளைஞனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. உதடு வீங்கித் தொங்கியது.

“எந்தப் படி ஸார்? நாங்க உட்கார்ந்திருந்தது புல்தரையில.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. புருவத்தில் தையலோடு அங்கே படுத்திருந்த மாணவனை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய கண்ணாடி இன்னும் அந்தப் புல்தரையில் எங்கோ நொறுங்கிக் கிடந்தது.

“விடு மச்சான். ஸார் நமக்காகப் புல்லுலயே ஒரு படி கட்டித் தருவார்,” என்றான்.

தலைவர் எழுந்து இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இருந்த திரையை இழுத்துவிட்டார்.

நூலகத்தை இரவிலும் திறந்து வைக்கச் சொல்லி மாணவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் நேற்று மாலை காவல் படையின் தடிகள் புகுந்து விளையாடின. ஆனால் மாணவர்கள் கல்லெறிந்தார்கள், கலைந்து ஓடும்போது தாங்களாகவே விழுந்தார்கள், யாரும் தடியை ஓங்கவே இல்லை என்று தலைவர் அடித்துச் சொல்லிவிட்டார். விசாரணைக் குழு அதை நம்பினால் முன்வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் படிப்பு காலி. சோடாபுட்டி முன்வரிசை. குழு இப்போது கீழ்த்தளத்தில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தது. அடுத்து மேலேதான் வரும்.

தலைவர் முதலில் நல்லபடியாகப் பேசிப் பார்த்தார். அப்பா இல்லாத வீடு, இவனையே நம்பியிருக்கும் அம்மா, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். அது எடுபடவில்லை. இந்த வளாகத்தை விட்டே அவனைத் துரத்தத் தன்னுடைய ஒரு கையெழுத்து போதும் என்றார்.

“போடுங்க ஸார். எனக்குத்தான் இப்ப கையெழுத்துப் போடக் கை இல்லை.”

“திமிரு.”

“தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்காதீங்கன்னு சொல்லச் சொல்ல அடிச்சாங்க. ஒரு கல்லுகூட அங்க பறக்கலை. அதைத்தான் சொல்லப் போறேன்.”

“அடிச்சது யாரு? அதையும் சொல்வியா?” தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். “எல்லாரும் ஹெல்மெட் போட்டு, மூஞ்சியை மூடியிருந்தாங்க. நெஞ்சில பேட்ஜ் கிடையாது. காலையிலேர்ந்து அடிபட்ட பசங்க அத்தனை பேரையும் குழுவுல கேட்டுப் பார்த்துட்டாங்க. ஒருத்தனாலயும் கை காட்ட முடியலை.”

அது உண்மைதான்.

“என்னால முடியும். பேரோட சொல்வேன்.”

தலைவரின் சிரிப்பு அணைந்தது. அவர் குனிந்து, அவன் காதருகே வந்தார். “வாயைத் திறந்தா முதல்ல அசிங்கப்படப் போறது நீதான். ஞாபகம் வச்சுக்கோ.”

அது இளைஞனுக்கும் தெரியும். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை உடைந்து அவன் சுருண்டபோது, அடுத்த அடி அவன் தலையில் விழாமல் குறுக்கே வந்து படுத்தவன் சோடாபுட்டி. அந்தத் தையல் இவனுக்கு விழுந்திருக்க வேண்டியது.

குழு வந்துவிட்டது. முன்னால் வந்த பேராசிரியை அவனுடைய மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, அடித்தவர்களை அடையாளம் சொல்ல முடியுமா என்று விசாரித்தார்.

“மூணு பேரைச் சொல்ல முடியும் மேடம். அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்க. அவனும் கேட்கணும்.”

திரை விலகியது. சோடாபுட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

“முகத்தை மூடியிருந்தவங்களை எப்படிப்பா அடையாளம் தெரிஞ்சுது?”

இளைஞன் சோடாபுட்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

“தினமும் அவங்ககூடத்தான் மேடம் ட்யூட்டிக்கு நிக்கறேன். மாணவன் மாதிரி உள்ள போய் உட்கார்ந்து, நடக்கறதையெல்லாம் பார்த்து வந்து சொல்லுன்னு என்னை அனுப்பினது இதோ, இவர்தான். பார்த்ததைத்தான் சொல்றேன்.”