சூடு பார்த்தல்

ஒயர் சூடாகவில்லை.

வேனுக்குள் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்து, கீழே கையை விட்டு, இரண்டு விரல்களால் அதைப் பிடித்திருந்தாள். வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பேட்டரியில் தொடங்கிய சிவப்பு ஒயர், தரையோடு ஒட்டி வந்து, அவள் விரல்களைக் கடந்து, எதிரே பலகையில் திருகு போட்டு முடுக்கிய கம்ப்யூட்டருக்குப் போனது.

வண்டிகளுக்கு ஒயர் இழுக்கும் அவர்கள் கடையின் வழக்கம் அது. புதிதாக இழுத்த ஒயரில் கால் மணி நேரம் கரண்டை ஓடவிட்டு, விரலால் சூடு பார்க்க வேண்டும்; சுட்டால் ஒயர் மெல்லிசு, மாற்ற வேண்டும். அண்ணன் மீட்டரை நம்ப மாட்டான்.

கால் மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

வேன் கொல்லிமலைக்குப் போகிறது. மலைப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பாடம் காட்டும் வேன். ஓட்டுவதும் தாமோதரன் சார்தான், சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். ஏறினால் அடுத்த வருடம்தான் இறங்கும்.

"ஏதாச்சும் ஒரு பாடத்த ஓட விட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

அவள் பத்தாம் வகுப்பைத் தொட்டாள்.

அறிவியல்.

ஒளி.

வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால், பத்தாம் வகுப்பில், டீச்சர் கரும்பலகையில் ஒரு மெழுகுவர்த்தி வரைந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு லென்ஸ். சுடரின் நுனியிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கோடு லென்ஸைத் தொட்டபோது மணி அடித்தது.

மறுநாள் அவள் கடையில் இருந்தாள்.

அப்பா நோயில் படுத்துவிட்டார். அண்ணன் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை. "ஒரு வாரம் வா பாப்பா" என்றான்.

லென்ஸுக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அப்படித் தெரிந்துகொள்ள அவளுக்கு மனமில்லை.

இப்போது அதே மெழுகுவர்த்தி திரையில் எரிந்தது. கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கோடு நகரும். தப்பாகச் சொன்னால் பாடம் முதலிலிருந்து வரும். மூன்று முறை வந்துவிட்டது.

நான்காவது முறை கோடு லென்ஸுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

"என்ன பாப்பா, ஒயரப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டயா?"

அண்ணன். பக்கத்தில் ஒரு லாரியின் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

சாரும் வந்துவிட்டார். வாசல் கம்பியைப் பிடித்து உள்ளே தலையை நீட்டினார்.

"ஆச்சுங்களா? இருட்டறதுக்குள்ள வளைவெல்லாம் ஏறோணும்."

அவள் விரல்களுக்கு நடுவில் ஒயர் குளிர்ந்து கிடந்தது.

"சூடாவுதுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

சார் சிரித்தார். "உங்க கடையில ஒயர் இழுத்தா சூடே வராதுன்னு சொல்லித்தானுங்க என்னை அனுப்புனாங்க. பாப்பா கைச்சூடா இருக்கப் போவுது."

லாரிப் பக்கம் திருப்புளி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அண்ணன் வேனுக்குள் ஏறினான். குனிந்தான். இரண்டு விரல்களால் ஒயரைப் பிடித்தான். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தான். அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஒயரின் சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள்.

வெகுநேரம் பிடித்திருந்தான்.

திரையைப் பார்த்தான். மெழுகுவர்த்தி. லென்ஸ். பாதிக் கோடு. மேலே ஓரத்தில் எழுதியிருந்த வகுப்பைப் பார்த்தான்.

"சூடுதாங்க" என்றான்.

அவள் நிமிரவில்லை.

"என்னங்க சொல்றீங்க?"

"தப்பு என்னுதுங்க சார். இவ மேல இல்ல. இன்னுங் கொஞ்சம் தடியா ஒண்ணு இழுத்திருக்கோணும். ஒரு மணி நேரம் குடுங்க, இழுத்துத் தர்றேன்."

"அப்ப இந்தக் கம்ப்யூட்டர அமத்திரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

"சூடாவுதுன்னீங்க?"

அண்ணன் வேனிலிருந்து இறங்கினான். கடைக்குள் போய் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். சார் வாட்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அண்ணன் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்தான். அவன் கால்கள் கதவுக்கு வெளியே நீண்டிருந்தன.

அவள் பதிலைத் தொட்டாள்.

கோடு லென்ஸுக்குள் நுழைந்தது. வளைந்தது. கீழ்நோக்கிப் போகத் தொடங்கியது.

முன்னால் தகரத்தில் எதுவோ உரசியது. இன்ஜின் பக்கம் போகும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. எந்த வேனிலும் அது சின்னது. அண்ணனின் கை அதில் மணிக்கட்டுக்கு மேல் போகாது. ஆறு வருடங்களாக அதில் போவது அவள் கைதான்.

மறுபடி உரசியது. பல்லைக் கடித்து விடும் மூச்சு கேட்டது.

அவள் பாதி எழுந்தாள்.

அண்ணன் கூப்பிடவில்லை.

கையை வெளியே இழுத்து, லுங்கியில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே விட்டான்.

திரையில் அடுத்த கேள்வி வந்து நின்றது.