மழைப் பெட்டி

தகர டப்பாவுக்குள் ஒரு டிரான்சிஸ்டரின் இரைச்சலை அடைத்து வைத்திருந்தான் கணேஷ்ராம். அதன் திருகைக் கூட்டினால் அடைமழைச் சத்தம், குறைத்தால் சாரல். மெல்லிசைக் குழுவில் அவன் கீபோர்டு. அவன் மனைவி சித்ரலேகா பாட்டு. ஆறு மாதமாக எல்லாக் கச்சேரிக்கும் அந்த டப்பாவைத் தூக்கி வருகிறான்.

"நம்மகிட்ட மழைப் பாட்டே கிடையாதே. இது எதுக்குவே?" என்றார், புதிதாகச் சேர்ந்த தபலாக்காரர் ஆவுடைநாயகம்.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"இதுக்குன்னு ஒரு ஸ்பீக்கரை வேற மைதானத்துக் கடைசியில கட்டியிருக்கீரு."

கணேஷ்ராமுக்குப் போன தடவை சத்தம் கூடிவிட்டதோ என்று சந்தேகம். ரெசிஸ்டரை மாற்றிப் பற்றவைத்துச் சாரலுக்குக் கொண்டுவந்தான். சித்ரலேகாவுக்குச் சாரல் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. திருகை மறுபடி கொஞ்சம் கூட்டினான்.

அன்று கோயில் கொடைத் திருவிழா. ஞாயிறு சாயங்காலம், டிவியில் படம் ஓடுகிற நேரம். மேடை விளக்கு கண்ணைக் கூச, சித்ரலேகா இருட்டைப் பார்த்து ஏழு பாட்டுப் பாடினாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மைதானத்தின் கடைசியிலிருந்து கைதட்டல் எழுந்து வந்தது. அவள் ஏழு தடவையும் கும்பிட்டாள்.

திரும்பும்போது டவுண் பஸ்ஸில் அவன் காதருகே சொன்னாள்:

"அடுத்த தடவை அந்தத் திருகைக் கொஞ்சம் குறைச்சு வையுங்க."

"ஏன்?"

"விளக்கு கூசுனா எனக்கு ஆளு தெரியாதுன்னு நினைச்சீங்களா? வந்திருந்ததே மூணு பேரு. உங்க டப்பா முந்நூறு பேரு மாதிரி கைதட்டுது. நானும் எத்தனை நாளைக்குத்தான் தெரியாத மாதிரி கும்பிட?"