பள்ளமும் பலகையும்

"ஜெயிச்சதும் முதல் வேலையா இந்தப் பள்ளத்தை மூடிடுவேன்" என்று மேயர் வேட்பாளர் பிராட்லி சொன்னது, படம் எடுக்க வந்தவர்களிடம்தான். ஆனால் அது காலடியில் கிடந்த சாலைப் பள்ளத்தின் காதிலும் விழுந்துவிட்டது. அந்த நடுத்தரமான அமெரிக்க நகரத்தில், நாலு மேயர்கள் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஆளான பள்ளம் அது.

எதிர் வீட்டுப் புல்வெளியில், வீட்டுக்காரி லொரேன் ஆசையாக நட்டுவைத்த தேர்தல் பலகையில் பிராட்லி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிஜமாவே என்னை மூடிடுவாரா?" என்று பலகையைக் கேட்டது பள்ளம்.

"உனக்கு நாள் குறிச்சாச்சு" என்றது பலகை.

பிராட்லி ஜெயித்தார். பள்ளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

"உன்னைப் பத்தி ஆராய நகர மன்றத்துல குழு போட்டிருக்கோம்."

பனி பெய்து உருகியது. பள்ளம் இரண்டு பங்கு அகலமாயிற்று.

"குழு என்ன சொல்லுதுண்ணே?"

"குழுவுக்குத் தலைவர் தேடிட்டிருக்கோம்."

பலகையின் சாயம் வெளுத்திருந்தது; சிரிப்பு மட்டும் குறையவில்லை. பள்ளத்துக்குப் பயம் விட்டுப்போயிற்று.

"அடுத்த தடவையும் நீங்களே வரணும்ண்ணே" என்றது.

மறுநாள் காலை லொரேனின் கார் பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்தது. அவள் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். நேரே போய்ப் பலகையைப் பிடுங்கி வந்து, வருகிற வண்டிகளுக்குச் சிரித்த முகம் தெரியும்படி பள்ளத்துக்குள் நட்டு, அது சாயாமலிருக்கச் சுற்றிலும் கல்லைப் போட்டு நிரப்பினாள்.